சின்னப் பிள்ளைகளுடன் கடலுக்குப் போக முன்னர்

"அம்மா, கடலுக்கு எப்ப போறது?"

முன்பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டில் இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வரும். எங்கள் கரையோரங்களில் இதற்குப் பதில் சொல்வது இலகுவல்ல. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்ததைச் சிறுவர்களாகக் கண்டவர்கள் இன்று தாய் தகப்பனாக இருக்கிறார்கள். 2009 இல் முள்ளிவாய்க்கால் மணலில் பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளைகள் சிலரின் கையைப் பிடித்து இன்று அவர்களின் பிள்ளைகள் நடக்கிறார்கள். இவர்களுக்குக் கடல் வெறும் விளையாட்டிடமாக இருக்க முடியாது.

அதனால் பல வீடுகளில் "கடல் வேண்டாம்" என்பதே பதிலாகிவிடுகிறது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடலைத் தெரியாமல் வளரும் பிள்ளை, பதினைந்து பதினாறு வயதில் நண்பர்களோடு வீட்டுக்குச் சொல்லாமல் முதன்முதலாகக் கடலில் இறங்கக்கூடும். சின்ன வயதிலேயே பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பழகுவது அதைவிடப் பாதுகாப்பானது. அதற்கு ஒரு முழுநாள் சுற்றுலா தேவையில்லை. இரண்டு மணித்தியாலம் போதும். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலத்தையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

எந்தக் கடல், எந்தக் காலம்

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆழமில்லாத, அலை குறைந்த கரை வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குக் காரைநகர் கசூரினா கடற்கரை பொருத்தமானது. பொன்னாலைப் பாலத்தால் தீவுக்குள் போனால் வடக்குக் கரையில் இருக்கிறது. நெடுந்தூரத்துக்கு ஆழமில்லை, கரையில் சவுக்கு நிழலும் உண்டு. மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா. குடாவாக இருப்பதால் அங்கே அலை அடங்கியே இருக்கும். முழங்கால் தண்ணீரில் கனதூரம் நடக்கலாம். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு போன்ற கரைகள் திறந்த வங்கக் கடலைப் பார்த்தபடி இருப்பவை. அங்கே போனால் சின்னப் பிள்ளைகள் மணலில் மட்டும் விளையாடட்டும்.

ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வடக்கு, கிழக்குக் கடல்கள் கொந்தளிக்கும் காலம். அந்த மாதங்களில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குவதைத் தவிர்க்க வேண்டும். மற்ற மாதங்களிலும் முதல்நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். போய் இறங்கியதும் கரையில் நிற்கும் கடற்றொழிலாளர் ஒருவரிடம் "இண்டைக்குக் கடல் எப்பிடி?" என்று கேளுங்கள்.

சோழகக் காற்றுக் காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, கசூரினா போன்ற வடக்குக் கரைகளில் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். தண்ணீர் தட்டையாக, அமைதியாகத் தெரியும். ஆனால் காற்றடைத்த வளையமோ பந்தோ கையைவிட்டுப் போனால் நேரே வெளியே இழுபட்டுப் போகும். பிள்ளை அதற்குள் இருந்தால் பிள்ளையும் போகும். காற்றடைத்த விளையாட்டுப் பொருட்களைக் கடலுக்குக் கொண்டுபோகாமல் விடுவதே நல்லது. வாளியும் சிரட்டையும் போதும்.

நேரமும் பையும்

காலை 6.30 முதல் 9 மணி வரை, அல்லது பின்னேரம் 4 மணிக்குப் பிறகு. இடைப்பட்ட வெயில் சின்னத் தோலுக்கு ஆகாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை நேரடி வெயிலில் வைக்கவே கூடாது. பின்னேரம் போனால் இருட்ட முன்னர் கரையைவிட்டு வெளிக்கிட்டுவிட வேண்டும். பிள்ளையின் நித்திரை நேரத்தைக் குழப்பாத நேரமாகவும் பாருங்கள். நித்திரை கெட்ட பிள்ளையோடு கடற்கரையில் இருக்க முடியாது.

பைக்குள் வைக்க வேண்டியவை அதிகமில்லை. கொதித்தாறிய தண்ணீர், துவாய், மாற்றுடுப்பு இரண்டு சோடி, தொப்பி, பம்பஸ், ஒரு பெட்சீற், ஜீவனிப் பைக்கற் ஒன்று, கால் கழுவ ஒரு போத்தல் நல்ல தண்ணீர். சாப்பாட்டுக்கு வாழைப்பழம், அவித்த முட்டை போல மணல் பட்டாலும் கழுவியோ உரித்தோ கொடுக்கக்கூடியவை. முழுக் கச்சான் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வேண்டாம். ஓடி விளையாடும்போது தொண்டையில் சிக்கிவிடும். பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் இடைக்கிடை தண்ணீர் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் போதும்.

உடுப்பு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறத்தில் இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளையின் கையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பேனையால் எழுதிவிடுங்கள்.

கை எட்டும் தூரம்

தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது. கையை அசைத்து உதவி கேட்கவும் அதனால் முடியாது. முகம் தண்ணீருக்குள் போனால் ஓரிரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் எல்லாம் முடிந்துவிடும். அரையடித் தண்ணீர் அதற்குப் போதும். ஆகவே கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது காவல் ஆகாது. தண்ணீரில் நிற்கும் ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

குடும்பமாகப் போகும்போதுதான் கவனம் தவறுகிறது. பெரியம்மா பார்க்கிறா என்று தாய் நினைப்பா. தாய் பார்க்கிறா என்று பெரியம்மா நினைப்பா. அதனால் பொறுப்பை வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்றுங்கள்: "இனி நீங்கள் பாருங்கோ, நான் சாப்பாட்டை எடுக்கிறன்." காவலில் நிற்பவரின் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் தண்ணீர்.

மூழ்கிய பிள்ளையை வெளியே எடுத்தால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமத்துவதும் எங்கள் ஊர்ப் பழக்கம். இரண்டும் தவறு, பொன்னான நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, நாடியை உயர்த்தி, மூக்கை மூடி வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை மெதுவாக ஊதுங்கள். அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவே அமத்தத் தொடங்குங்கள். அதேநேரம் இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். பிள்ளை தெளிந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பற்றைக்குள் போக வேண்டாம்

சின்னப் பிள்ளைக்குச் சிறுநீர் முட்டினால் பற்றைப் பக்கம் கூட்டிப் போவது வழக்கம். போர் நடந்த கரைகளில் இது கவனிக்க வேண்டிய விடயம். ஆட்கள் வழமையாக நடமாடும் பாதையை விட்டு விலகாதீர்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் போகவே வேண்டாம். மணலில் இருந்து பிள்ளை எடுத்துவரும் ஒவ்வொரு சாமானையும் பாருங்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடக் கூடாது என்று வீட்டிலிருந்து வெளிக்கிட முன்னரே சொல்லிக் கொடுங்கள். அப்படி ஏதும் கண்டால் வந்த தடத்தாலேயே திரும்பி, 119 இல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

பெரியவர்களின் பயம்

கடைசியாக, பலரும் பேசாமல் விடும் விடயம். கடலைக் கண்டதும் நெஞ்சு படபடத்தால், கை வியர்த்தால், அழுகை வந்தால் அது உங்கள் பலவீனம் அல்ல. உடம்பு பழையதை மறக்கவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் தண்ணீர்க் காவலுக்கு நிற்க வேண்டாம். அந்தப் பொறுப்பை வேறொருவர் எடுக்கட்டும். அம்மம்மா வாகனத்தை விட்டு இறங்க மாட்டன் என்றால் இறங்கச் சொல்லி நெருக்க வேண்டாம். முதல் முறை தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவதும் ஒரு பயணம்தான்.

பிள்ளையை அடக்குவதற்காக "கடல் இழுத்துக்கொண்டு போயிடும்" என்று வெருட்டாதீர்கள். "பெரியாக்களின்ரை கையைப் பிடிக்காமல் தண்ணிக்குள்ளை போறேல்லை" என்ற ஒரு சட்டம் போதும். வெருட்டினால் பயம்தான் வளரும். சட்டத்தைப் பிள்ளை பழகிக்கொள்ளும். தாத்தா எங்கே என்று நாலு வயதுப் பிள்ளை கேட்டால், "கடல் பெரிசாக வந்தநேரம் செத்துப்போனார். நாங்கள் அவரை நினைக்கிறனாங்கள்" என்று சின்னதாக, உண்மையாகச் சொல்லலாம். கூடக் கேட்டால் கூடச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அதோடு விடுங்கள்.

2004 தந்த பாடத்தையும் பெரியவர்கள் மறக்கக் கூடாது. கடல் திடீரென உள்வாங்கினாலோ நிலம் அதிர்ந்தாலோ வேடிக்கை பார்க்க நிற்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையை விட்டு உள்ளே, உயரமான இடத்துக்குப் போக வேண்டும். வெளியேறும் பாதை எது என்று வந்து இறங்கும்போதே பார்த்து வையுங்கள்.

பிறகு சிரட்டையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஈரமணலில் புட்டு அவிக்க அதற்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.