குரங்குக் குன்று கற்பித்த பாடம்

மிருகக்காட்சிசாலைக்குச் செல்லும் நம் குழந்தைகள் குரங்குகளின் முன்னேதான் நெடுநேரம் நிற்பர். வேடிக்கைக்குரிய அவ்விடம் அறிவியலாருக்கு ஆய்வுக்கூடமாகவும் விளங்கியது என்பதை நம்மில் பலர் அறியோம். அங்கு விளைந்த பிழையும், அது திருத்தப்பெற்ற விதமும் நம் சிந்தனைக்குரியவை.

1925-ஆம் ஆண்டு இலண்டன் மிருகக்காட்சிசாலையில் 'குரங்குக் குன்று' அமைக்கப்பட்டது. ஹமாத்ரியாஸ் பபூன் என்னும் இனத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 100 குரங்குகள் அதில் விடப்பட்டன. அவற்றுள் பெண் குரங்குகள் மிகச் சிலவே. 1927-இல் மேலும் 30 பெண் குரங்குகள் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கைப்பற்ற ஆண் குரங்குகள் கடும்போர் புரிந்தன. அப்பூசலில் பெண் குரங்குகளுள் பெரும்பாலானவை மாண்டன.

அங்கு உடற்கூற்றியலாளராகப் பணியாற்றிய ஸாலி ஸக்கர்மன் 1932-இல் நூலொன்று வெளியிட்டார். குரங்குச் சமூகத்தைப் பிணைத்து நிற்பது பாலுணர்ச்சியே என்று அவர் முடிவு கட்டினார். அறிஞர் பலர் அக்கருத்தை நெடுங்காலம் ஏற்றிருந்தனர்.

சூரிச் மிருகக்காட்சிசாலையில் அதே இனத்தை ஆராய்ந்தவர் ஹான்ஸ் கும்மர். கூண்டில் கண்டது போதாதென்று, 1960-இல் அவர் எத்தியோப்பியா சென்றார். அங்கே ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் எனச் சிறு குடும்பங்களாக அவை வாழ்ந்தன. பல குடும்பங்கள் இரவில் ஒரே பாறைச் சரிவில் ஒன்றாக உறங்கின. ஆண் குரங்கு தன் துணைகளைக் கடித்து அடக்குவது அங்கும் உண்டு. ஆயினும், தனக்குப் பழக்கமான வேறோர் ஆணின் துணையை அது பொதுவாகக் கவர முற்படுவதில்லை. ஒன்றையொன்று அறியாத விலங்குகளை, ஒவ்வாத விகிதத்தில், தப்பியோட வழியின்றி அடைத்ததே இலண்டன் கொடுமைக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று.

அதனால் மிருகக்காட்சிசாலை ஆய்வே பயனற்றதென்று கூறலாகாது. நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் 1971-இல் சிம்பன்சிகளுக்கு விசாலமான திறந்தவெளி அமைக்கப்பட்டது. 1975 முதல் அங்கு ஆராய்ந்த ஃபிரான்ஸ் டி வால், சண்டையிட்டவை சிறிது நேரத்தில் நெருங்கி வந்து முத்தமிட்டு ஒப்புரவாவதைக் கண்டு, 1979-இல் வெளியிட்டார். காட்டில் இத்தனை அருகிருந்து நாள்தோறும் நோக்குதல் எளிதன்று.

ஓர் உயிரை நெருக்கடியில் அடைத்துவிட்டு, அதன் சினத்தையே அதன் இயல்பு என்று தீர்ப்பிடுவது பெரும் பிழை. விலங்குகளைக் குறித்து அறிஞர் திருத்திக்கொண்ட இப்பிழையை, நம் அயலாரைக் குறித்து நாம் திருத்திக்கொண்டோமா?