பின் போனட்டைத் திறந்து பாருங்கள்

வெள்ளிக்கிழமை காலை. பசியாறி முடித்த கையோடு எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எங்கயாச்சும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோமா?" என்பார். பிள்ளைகள் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்துவார்கள். கால் மணி நேரத்தில் காடி கேட்டைத் தாண்டிவிடும். வேலி ஓரம் நிற்கும் பக்கத்து வீட்டு அக்கா, "எப்படித்தான் நெனச்ச ஒடனே கெளம்புறீங்களோ!" என்று வாயைப் பிளப்பார்.

நெனச்ச ஒடனேயா? ஐயோ அக்கா! பாலிங்கில் பிள்ளைகுட்டிகளோடு போகிற எந்தத் திடீர்ப் பயணமும் திடீரென்று நடப்பதில்லை. வியாழக்கிழமை சாயங்காலமே கிண்ணத்தில் புளி ஊறத் தொடங்கியிருக்கும். அந்த ரகசியத்தை இன்று போட்டு உடைக்கப் போகிறேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். யோசனை தன்னுடையது என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் நாள்காட்டியில் ஆரம்பிக்கிறது. பாலிங் இருக்கும் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எல்லை தாண்டிப் பேராக் பக்கம் போனால் சனியும் ஞாயிறும், பினாங்கிலும் அப்படித்தான். பினாங்குப் பெரியம்மா வீட்டோடு சேர்ந்து எங்காவது போக வேண்டுமென்றால் இரு வீட்டுக்கும் பொதுவாக அகப்படுவது சனி ஒன்றுதான். ஞாயிறு காலை நம் பிள்ளைகள் சீருடையோடு பள்ளித் திடலில் வரிசையில் நிற்க வேண்டும். இதைச் சொல்லிப் புலம்புகிறவர்கள் உண்டு. நான் புலம்பமாட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்க நமக்கே நமக்கு! பினாங்குக்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கும் அந்த நேரத்தில் தாவரவியல் பூங்காவில் குரங்குகளும் எங்கள் பிள்ளைகளும்தான் ராஜாக்கள். கொடிமலை ரயிலுக்கும் சனி, ஞாயிறு போல நீள வரிசை இருக்காது. பாலத்தில் அலுவலகக் கூட்டம் கலைந்த பிறகு ஏற வேண்டும்; மத்தியானத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் சாலைகளைத் தவிர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது பின் போனட்டுக்கு வாருங்கள். இதோ, மூடி போட்ட நீல வாளி. வருஷம் முழுக்க இது இறங்குவதே இல்லை. உள்ளே பிள்ளைக்கு ஒரு பை, மார்க்கர் பேனாவில் பெயர் எழுதி. ஒவ்வொன்றிலும் ஒரு முழு மாற்று உடை, ஒரு துண்டு, பழைய சிலிப்பர். பள்ளி விடுமுறை வரும்போதெல்லாம் பைகளைக் கொட்டி அளவு பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போன வருஷத்துக் கால்சட்டை தொடைக்கு மேலே ஏறமாட்டேன் என்று அருவிக்கரையில் சத்தியாக்கிரகம் செய்யும்.

பைகளுக்கு அடியில் சுருட்டிய பாய், டார்ச் லைட், கொசு எண்ணெய், கோடாலித் தைலம். ஓரத்தில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பைகள் ஒரு கட்டு. இவைதான் வாளியின் வி.ஐ.பி.க்கள். ஒவ்வொன்றையும் ஊதி, வாயை முறுக்கி, காதோரம் வைத்து அமுக்கிப் பார்த்துத்தான் அடுக்கியிருக்கிறேன். உஸ் என்று காற்று போனால் அது குப்பைக்கு. பெங்காலான் ஹூலு தாண்டி கிரிக் போகிற வளைவுகளில் யாராவது ஒருவர் வாந்தி எடுப்பது உறுதி. ஓட்டைப் பை எங்கே ஒழுகும் என்று நான் விளக்க வேண்டுமா? முன் இருக்கைக்குக் கீழே ஒரு டப்பியில் ஆசாம் போய். முகம் வெளுக்க ஆரம்பித்தவுடன் ஒன்று வாயில், ஜன்னல் கொஞ்சம் கீழே, கண் தூரத்து மலையில். கைப்பேசி உடனடியாகப் பறிமுதல்.

பின் இருக்கையில் இடம் பிடிப்பதுதான் பெரிய அரசியல். 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். 136 சென்டிமீட்டருக்கும் 36 கிலோவுக்கும் குறைந்த பிள்ளைகளுக்கு அது வேண்டும். எங்கள் மைவி காடியின் பின்பக்கத்தில் இரண்டு குழந்தை இருக்கைகளைப் பூட்டி, நடுவில் பாட்டியை உட்கார வைத்துப் பாருங்கள்! பாட்டி முதலில் உட்கார வேண்டும், பிறகுதான் பிள்ளைகள். இந்த வரிசை மாறினால் பாட்டியை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். பெரியவளுக்கு இப்போது ஒரே குறி 136. அடுக்களைக் கதவுச் சட்டத்தில் பென்சில் கோடு போட்டு, வாராவாரம் குதிகாலைத் தூக்காமல் நிற்பதாகச் சத்தியம் செய்கிறாள்.

அடுக்களைக்கு வந்தாயிற்று, அடுப்பையும் எட்டிப் பார்த்துவிடுங்கள். எங்கள் பயணச் சாப்பாட்டுக்கு ஒரே விதி: தேங்காய்க்கு இடமில்லை. பாலிங் வெயிலில் மூடிய காடிக்குள் நாசி லெமாக் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும். தேங்காய்ச் சட்னி அதற்கும் முன்னால். அதனால் புளிச்சோறு. புளிக்காய்ச்சலை வியாழன் இரவே எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கிண்டி வைத்துவிடுவேன். காலையில் சோற்றைத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியபின் காய்ச்சலைப் போட்டுக் கிளறி, வாட்டிய வாழையிலையில் ஆளுக்கொரு பொட்டலம். கூட மொறுமொறு நெத்திலி. இட்லி என்றால் இருபுறமும் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவி அடுக்கிவிட வேண்டும். சாக்லேட்டுக்கு நிரந்தரத் தடை. ஏன் என்று எங்கள் இருக்கை உறையைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

சரி, எங்கே போவது? அதை மலைதான் முடிவு செய்யும். காலையில் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். வானம் வெளுத்திருந்தால் லாத்தா பாயு அருவி. மலைப்பக்கம் கறுத்திருந்தால், இங்கே வெயில் சுள்ளென்று அடித்தாலும், அருவி கிடையாது. உலு லெகோங் வெந்நீர் ஊற்றில் கால் நனைத்தால் போதும். இதில் மட்டும் எனக்கு விளையாட்டே இல்லை. 2022 ஜூலை 4 அன்று இந்த மாவட்டத்தில் குப்பாங் பக்கம் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மரங்களோடும் சேற்றோடும் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. மூன்று உயிர்கள் போயின. கப்பாலா ஆயிர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், என்றால் என்னவென்று இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, துண்டைக்கூட எடுக்காமல் கரையேற வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு ஒத்திகை உண்டு, குளியலறை வாசலில். "கலங்கிருச்சு!" என்று கத்தினால் சின்னவன் சோப்பு நுரையோடு கூடத்துக்கு ஓடி வருவான்.

வண்டிக்குள் கதை சொல்வது என் வேலை. பாலிங்கில் பிறந்தவர்களுக்குக் கதைக்குப் பஞ்சமா? ராஜா பெர்சியோங் போதும். சமையல்காரியின் விரல் அறுபட்டுக் கீரையில் சொட்டிய ரத்தத்தை ருசித்த அரசனுக்குக் கோரைப்பல் முளைத்த கதை. "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுவிட்டு பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வார்கள். அந்தக் கதையைத் திரைப்படத்துக்காக எழுதியவர் நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். 1968இல் படம் வந்தது. அதே துங்கு 1955 டிசம்பர் 28, 29இல் இதே பாலிங்கில், ஒரு பள்ளிக்கூடத்தில், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலோடும் மலாயா சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக்கோடும் உட்கார்ந்து கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கிடம் பேச்சு நடத்தினார். கிளியான் இந்தான் பக்கம் காட்டைவிட்டு வெளியே வந்த சின் பெங்கை அங்கிருந்து பாலிங்குக்கு அழைத்து வந்தார்கள். அந்தச் சாலையில் போகும்போது இதைச் சொன்னேன். "அவரு என்ன சாப்பாடு கட்டிட்டு வந்தாரு?" என்று கேட்டாள் பெரியவள். வரலாற்று ஆசிரியர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

அதே சாலையில் பெங்காலான் ஹூலு தாண்டினால் தாய்லாந்தின் பெத்தோங். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். எல்லை தாண்டியதும் ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைத்ததாகப் பிள்ளைகள் கொண்டாடுவார்கள். திரும்பும்போது பறிபோனதற்கு அழுவார்கள். ஆனால் கடப்பிதழ் இல்லாமல் திடீரென்று பெத்தோங் போக முடியாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நூறு ரிங்கிட், பெரியவர்களுக்கு இருநூறு. ஐந்து வருஷம் ஓடும். ஆக, திடீர் பெத்தோங் பயணம் என்பது கடப்பிதழ் எடுத்த அன்றே தொடங்கிவிட்ட ஒன்று.

பெத்தோங் பக்கம் திரும்பாமல் கிரிக் போய், கிழக்கே இன்னும் போனால் கிரிக்–ஜெலி சாலை, 1982இல் திறந்தது. யானை கடக்கும் என்ற பலகைகளைப் பார்த்துப் பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொள்வார்கள். பல இடங்களில் தொலைபேசிக்கு லைன் கிடைக்காது. கிரிக்கிலேயே எண்ணெய் நிரப்பி, பொழுதோடு கடந்துவிட வேண்டும். இருட்டினால் அந்தச் சாலை யானைகளுடையது. 2025 மே மாதம் லோரி மோதி ஒரு குட்டி செத்து, தாய் யானை அந்த லோரியைவிட்டு நகராமல் நின்றதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்காரர் அங்கே எழுபதைத் தாண்டுவதில்லை. தாண்டினால் பின்னாலிருந்து மூன்று குரல்கள் கேட்கும்.

பாட்டிக்கு இந்த ஏற்பாடெல்லாம் சிரிப்பாக இருக்கும். அவர் இளமையில் தோட்டத்தில் பயணம் என்றால் தைப்பூசத்துக்குத் தோட்ட லோரியில் பினாங்கு போவதுதான். பின்தட்டில் பாய் விரித்து, சோற்றுச் சட்டியை நடுவில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துவிடுவார்களாம். "நாங்க எந்த வாளியக் கண்டோம்?" என்பார். சொல்லிவிட்டு, கிளம்பும்போது யாருக்கும் தெரியாமல் தன் வெற்றிலைப் பையையும் இஞ்சி மிட்டாயையும் அதே வாளிக்குள் செருகுவார்.

பாலிங் பட்டணத்தைவிட்டு வெளியே வந்ததும் வீட்டுக்காரர் பெருந்தன்மையோடு கேட்பார்: "சுங்கைப் பட்டாணி பக்கமா, பெங்காலான் ஹூலு பக்கமா? நீங்களே சொல்லுங்க!" நான் தலையைத் திருப்பாமல் இருப்பேன். வியாழக்கிழமையே பிள்ளைகளிடம் சொல்லிவைத்த பதில் கோரஸாக வரும். கோலக்கெட்டில் நெருங்குவதற்குள் சின்னவன், "அம்மா, ஒண்ணுக்கு" என்பான். எண்ணெய்க் கடை இன்னும் தூரத்தில் இருந்தால் அதற்கும் வாளியில் ஓர் ஏற்பாடு உண்டு. அதை மட்டும் எழுதக்கூடாது என்று அவன் சொல்லிவிட்டான்.