அப்பா ஒருவர்; வீடு இரண்டு; சட்டமும் இரண்டு!

கடலுக்கு இந்தக் கரையில் தூத்துக்குடி. அந்தக் கரையில் கொழும்பு.

இரண்டு ஊரையும் ஒரு காலத்தில் ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள். போர்ச்சுக்கீசியரிடம் இருந்து கொழும்பை 1656-ல் பிடித்தார்கள். தூத்துக்குடியை 1658-ல் பிடித்தார்கள். முத்துக்குளிப்பும் துணி வியாபாரமும் அவர்கள் கைக்குப் போயின. 1750-ல் அவர்கள் கட்டிய தேவாலயம் தூத்துக்குடியில் இன்றும் நிற்கிறது.

டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய சட்டம் என்ன ஆயிற்று?

தூத்துக்குடி 1825-ல் முடிவாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. டச்சுச் சட்டம் இங்கே தங்கவில்லை. இன்று நாம் வீடு வாங்குவதும் விற்பதும் 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி. பத்திரம் பதிவது 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி.

கொழும்பில் நடந்தது வேறு. 1796-ல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர், "பழைய சட்டமே இருக்கட்டும்" என்று 1799-ல் அறிவித்துவிட்டார்கள். மேலே எத்தனையோ புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. ஆனால், அடியில் கிடப்பது இன்றும் ரோமன்-டச்சுச் சட்டம்தான்!

நமக்கு என்ன?

"அந்த ஊர்ச் சட்டம் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம்.

1914-க்கு முன்னால் சென்னையில் ரயில் ஏறியவர்கள் தூத்துக்குடியில் இறங்கி, கப்பல் ஏறித்தான் கொழும்புக்குப் போனார்கள். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்த வழியில் கப்பல் விடத்தான். முத்துக் கரைக் குடும்பங்கள் பல கொழும்பில் கடை வைத்தன. சிலர் மனையும் வாங்கினார்கள். அந்த மனையில் பங்கு கேட்கப் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிறிஸ்தவ வியாபாரி. மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். தூத்துக்குடியில் ஒரு வீடு, கொழும்பில் ஒரு வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார்.

தூத்துக்குடி வீட்டில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மற்றது மூன்று பிள்ளைகளுக்கும் சமம். இது 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுச் சட்டம்.

கொழும்பு வீட்டில்? மனைவிக்குச் சரிபாதி! மீதிப் பாதிதான் பிள்ளைகளுக்கு. இது அங்கே 1876-ல் வந்த சட்டம்.

அப்பா ஒருவர்தான். ஆனால் நிலம் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊர்ச் சட்டம்தான் அதற்குப் பேசும். அண்ணன் தம்பிகள் இது தெரியாமல், "அம்மாவுக்கு அவ்வளவு எப்படி?" என்று சண்டை போடுவது வீண்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. இலங்கையில் தமிழர் சொத்துக்குத் தேசவழமை என்ற தனிச் சட்டம் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில், 1707-ல் எழுதி வைத்தது. பங்காளி தன் பங்கை விற்றால் மற்றப் பங்காளியிடம் முதலில் கேட்க வேண்டும் என்று சொல்வது அது. ஆனால் அது யாழ்ப்பாணத் தமிழருக்கு உரியது. தமிழ் பேசுகிறோம் என்பதற்காகத் தூத்துக்குடிக்காரருக்குப் பொருந்தாது.

நொத்தாரிசு

இங்கே கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறோம். அங்கே பத்திரத்துக்குப் பெயர் 'உறுதி'. அதற்கு நொத்தாரிசு வேண்டும். அவர் முன்னால், இரண்டு சாட்சிகளோடு, கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நிலம் விற்றது செல்லாது. 1840-ல் போட்ட சட்டம் இது. "நம்ம பையன்தானே" என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தவர் கையில் இருப்பது வெறும் தாள்!

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வேற்று ஆள் ஒருவர் உங்கள் நிலத்தில் புகுந்து, தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டு, இடையூறு இல்லாமல் 10 வருடம் இருந்துவிட்டால், நிலம் அவருக்கே போய்விடலாம். இந்தியாவில் இந்தக் கெடு 12 வருடம்.

ஆனால் அங்கே இருப்பவர் உங்கள் பங்காளியாக இருந்தால் கொஞ்சம் ஆறுதல். ஒரு பங்காளி அனுபவிப்பது எல்லாப் பங்காளிக்காகவும் அனுபவிப்பதுதான் என்று 1911-ல் லண்டன் பிரிவி கவுன்சில், இலங்கை வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மற்றவர்களை வெளியே தள்ளிவிட்டார் என்று காட்டினால்தான் 10 வருடக் கணக்கு ஓடும்.

மாடியும் மனையும்

கொழும்பு இப்போது வானத்தை நோக்கி வளர்கிறது. கடலைத் தூர்த்து 269 ஹெக்டேரில் துறைமுக நகரம் எழுப்புகிறார்கள். அதற்கென்று 2021-ல் தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள். தூத்துக்குடியும் சளைக்கவில்லை. 2025-ல் மின்சாரக் கார் ஆலை வந்தது. விமான நிலையத்தில் புது முனையம் வந்தது. மனை பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை.

ஆனால் கொழும்பில் புதிதாக நிலம் வாங்க வெளிநாட்டாருக்குக் கதவு குறுகல். 2014-ம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு வழிவிட்டது.

பரம்பரைச் சொத்துக்கு அந்தச் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. நெருங்கிய சொந்தத்தில் இருந்து வாரிசாக வரும் பங்கைத் தூத்துக்குடிப் பேரன் இழக்க வேண்டியதில்லை. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய உறுதி கிடந்தால், அதில் உள்ள எண்ணையும் தேதியையும் நொத்தாரிசின் பெயரையும் குறித்துக்கொண்டு, அந்தப் பகுதிக் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லலாம். தாத்தாவுக்குப் பின் அந்த நிலம் யார் கைக்கு எப்படி மாறியது என்பது அங்கே பதிவாகியிருக்கலாம்.