பந்தயம் பார்க்கப் போகலாமா?

குழந்தைகளே! என் பேரன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் உலக வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, "தாத்தா! ஐரோப்பாவுக்குப் போய் கார் பந்தயம் பார்க்கணும். அப்படியே கார்லயே மலை, கடல் எல்லாம் சுத்திப் பார்க்கணும். எனக்குத் திட்டம் போட்டுக் கொடுங்க" என்றான்.

"தாராளமாகப் போடலாம். அதற்கு முன்னால், நான் பந்தயம் பார்க்கப் போன கதையைக் கேள்" என்றேன். நீங்களும் கேளுங்கள்!

சோழவரத்துச் சத்தம்

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவர் குப்பம். எழுபதுகளின் நடுவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி இருக்கும் சோழவரம் கார் பந்தயத்துக்குப் பெயர் பெற்ற ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் அமைத்திருந்தார்கள். போர் முடிந்த பின் அந்த ஓடுதளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறிப் பாய்ந்தன. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தப் பந்தயங்களை நடத்தியது.

"நைனா, ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போ" என்று அப்பாவை நச்சரித்தேன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் சம்மதித்தார். ஆனால் ஒரு சிக்கல். பந்தயத்துக்கு முந்தின இரவு அவருக்குப் 'பாடு' இருந்தது.

பாடு என்றால் என்ன தெரியுமா? பழவேற்காடு ஏரியில் இறால் அதிகம் கிடைக்கும் இடங்கள் சில உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே முண்டியடித்தால் சண்டைதான் வரும். அதனால், இன்றைக்கு யார், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இந்த முறைக்குப் பேர் போனவை. உன் முறையை நீ தவறவிட்டால், அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பாட்டை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. "ராத்திரி வலை கட்டிட்டு விடியறதுக்குள்ள கரை ஏறிடறேன். காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சிடலாம்" என்றார் நைனா. எங்கள் திட்டம் அவ்வளவுதான்!

அன்று இறால் நிறையக் கிடைத்தது. தரம் பிரித்து, எடை போட்டு, விற்று முடிக்கவே வெயில் ஏறிவிட்டது. முதல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் பொன்னேரி போனோம். அங்கிருந்து சோழவரம் போகும் பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றோம். ஒருவழியாகச் சோழவரத்தில் இறங்கினால், ஜனங்கள் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்! ஓடினோம். கூட்டத்துக்குப் பின்னால் நைனா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். 'விர்ர்ர்...' என்று ஒரு சத்தம். சிவப்பாக ஒன்று கண் முன்னால் பறந்தது. அதுதான் கடைசிச் சுற்று. நான் பார்த்த பந்தயம் அவ்வளவே.

திரும்பும்போது பொன்னேரியில் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பூட்டியிருந்த ஒரு கடைத் திண்ணையில் படுத்துக்கொண்டோம். காலையில் ஊருக்குப் போனால், அம்மா கரையில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. இரவு முழுவதும் வீடு வீடாகப் போய் எங்களை விசாரித்திருக்கிறார். எப்போது திரும்புவோம் என்று நாங்கள் சொல்லிவிட்டுப் போகவில்லையே!

நான் பஸ்ஸைத் திட்டினேன். நைனா சொன்னார்: "தப்பு பஸ் மேல இல்ல கண்ணு. வலை கட்டறதுக்கு நாள் கணக்கு, நேரக் கணக்கு எல்லாம் பார்க்கிறோம். ஊருக்குப் போறதுக்கு நாம எந்தக் கணக்கும் பார்க்கல."

அந்தக் கணக்கை இப்போது நாம் போட்டுப் பார்ப்போமா?

கணக்கு 1: முதலில் தேதி

பந்தயம் நமக்காகக் காத்திருக்காது. எனவே அதன் தேதியை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். இப்போது சோழவரத்தில் பந்தயம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டிய தடம் 1990-ல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடந்ததே, நினைவிருக்கிறதா? பந்தய அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதைச் செய்தித்தாளில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கணக்கு 2: வழியில் என்ன பார்க்கலாம்?

இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் பார்த்தாயிற்று. மறுநாள் பழவேற்காடு போகலாமே! பெங்களூரு சாலையில் நசரத்பேட்டை வரை வந்து, வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால், நகர நெரிசலில் சிக்காமல் மீஞ்சூர் வந்துவிடலாம். அங்கிருந்து பொன்னேரி. பிறகு பழவேற்காடு. பொன்னேரியைத் தாண்டியதும் வயல்கள், தென்னைகள், உப்பங்காற்று என்று வழியே அழகு!

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. தமிழகம், ஆந்திரம் இரண்டிலும் பரந்திருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ராக்கெட் பறக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவு! டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சிற்பம் செதுக்கிய அவர்களது பழைய கல்லறைகளை இன்றும் பார்க்கலாம்.

பூநாரைகள் பார்க்க வேண்டுமா? அதற்குப் பனிக்காலம்தான் சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போனால் ஏமாற்றம்தான். பந்தயத் தேதியும் பறவைக் காலமும் ஒத்துப்போகாவிட்டால், எது முக்கியம் என்று வீட்டில் எல்லோருமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

கணக்கு 3: நேரமும் பெட்ரோலும்

60 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 60 நிமிடம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 45 நிமிடம். மிச்சமாவது 15 நிமிடம்தான்! அந்த 15 நிமிடத்துக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா? கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் போதுமே. பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வராது. நம் சாலையில் ஆடும் வரும், சைக்கிளும் வரும், உங்களைப் போன்ற பிள்ளைகளும் வருவார்கள்.

போக வர 120 கிலோமீட்டர். கார் ஒரு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் எத்தனை லிட்டர் வேண்டும்? எட்டு! கூடவே இரண்டு லிட்டர் சேர்த்து வையுங்கள்.

கணக்கு 4: பாதுகாப்பு

காரில் எல்லோரும் சீட் பெல்ட் போட வேண்டும். ஏரியைக் கண்டதும் படகில் ஏறத் துடிக்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று, இங்கே உல்லாசமாகப் படகில் போன 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். எங்கள் குப்பங்களே அழுத நாள் அது. அனுமதி இல்லாமலும், உயிர்காப்புச் சட்டை இல்லாமலும் படகில் கால் வைக்கக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். யாரும் கரையில் கண் சிவக்க உட்கார்ந்திருக்கக் கூடாது, இல்லையா?

இனி ஐரோப்பா!

இதே நான்கு கணக்குதான் அங்கேயும். மொனாக்கோ என்ற குட்டி நாட்டில் 1929 முதல் நகரத் தெருக்களிலேயே பந்தயம் நடக்கிறது. ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர். மொத்தம் 78 சுற்றுகள்! பந்தயத்தைப் பார்த்துவிட்டுக் கடலோரச் சாலையில் பிரான்சுக்கோ இத்தாலிக்கோ போகலாம். ஆனால் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்ச் சாலைகள் பல, குளிர்காலத்தில் பனியால் மூடப்பட்டுவிடும். இங்கே அடைமழை போல அங்கே பனி! அந்த நாடுகளில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நம்மவர்கள் அங்கே ஓட்டுவதற்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் எடுத்துப் போவது நல்லது.

பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டிலும், சான்ட்வோர்ட் என்ற ஊரில் கடற்கரை மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பந்தயத் தடம் 1948-ல் திறக்கப்பட்டது. இது கேட்டதும் என் பேரன், "அப்போ அங்கேயும் நம்ம ஊர்க் காத்து அடிக்குமா தாத்தா?" என்றான்!

இதெல்லாம் நமக்கு எட்டுமா என்று நினைக்காதீர்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னைக்காரரான கருண் சந்தோக் 2010-ல் ஓட்டினார்.

பேரன் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறான். முதல் பக்கத்தில் ஐரோப்பா இல்லை. 'முதல் பயணம்: இருங்காட்டுக்கோட்டை - பழவேற்காடு' என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே, 'தாத்தாவையும் கூட்டிப் போக வேண்டும். அவர் இன்னும் ஒரு முழுப் பந்தயம் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தான்.

நீங்களும் ஒரு நோட்டு எடுங்கள் குழந்தைகளே! உங்கள் ஊரிலிருந்து ஒருநாள் பயணத்துக்கு நான்கு கணக்கையும் போட்டுப் பாருங்கள். போட்டு முடித்ததும் அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். மறந்துவிடாதீர்கள், நான்காவது கணக்கைப் போடாதவருக்கு மார்க் கிடையாது!