நிதி கேட்கும் மனுவில் கண்ணீர் போதாது, கணக்கு வேண்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரக் காலனிகளில் இருந்து விடிந்ததும் காலணி ஆலைகளுக்குக் கிளம்புவோரில் பலர் நம் பெண்கள். அவர்களின் பிள்ளைகளுக்காகப் பல ஊர்களில் இளைஞர்கள் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறார்கள். அதற்கு நிதி கேட்டு எழுதும் மனுக்களோ, ‘நாங்கள் ஏழைகள், உதவுங்கள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன.

மனு எழுதுவது எப்படி என்பதற்கு நமக்கு முன்னோடி உண்டு. 1942-இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்த அண்ணல் அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளை லின்லித்கோ பிரபுவிடம் மனுவாக அளித்தார். காசி, அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தரும் மானியத்தைக் காட்டி, நம் மாணவர்களின் உயர்கல்விக்கும் நிதி கேட்டார். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான கல்வி உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. இன்றும் நம் பிள்ளைகள் அதை வாங்கிப் படிக்கிறார்கள்.

சட்டம் சொல்வது என்ன?

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-வது பிரிவைப் படியுங்கள். ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி ஆகியவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உள்ளது. நம் உழைப்பில் விளைந்த லாபத்தில் இருந்து நம் ஊருக்குக் கேட்கிறோம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதலில் பதிவு

பணம் பெறும் அமைப்பு பதிவு பெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருக்க வேண்டும். 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். வருமான வரிச் சட்டப்படி 12ஏ, 80ஜி பதிவும், 3 ஆண்டு பணி அனுபவமும் தேவை. அதன்பின் சிஎஸ்ஆர்-1 படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இவை இல்லாத புதிய படிப்பகங்கள், தகுதியுள்ள அமைப்போடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம்.

மனுவில் எழுத வேண்டியவை

பத்தாம் வகுப்பு எழுதுவோர் எத்தனை பேர்? கணக்கில் தவறியவர் எத்தனை பேர்? ஆசிரியர் மதிப்பூதியம், வாடகை, மின்கட்டணம், புத்தகம் ஒவ்வொன்றுக்கும் மாதம் எவ்வளவு? ஓராண்டில் என்ன மாறும், அதை எப்படி அளப்போம்? இத்தனையும் இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் போதும்.

வருகைப் பதிவேடு, ரசீது, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் படிப்பகம் திறந்த முதல் நாளிலிருந்தே பாதுகாத்து வையுங்கள். 3 ஆண்டு பணியை நிரூபிக்க வேறு சாட்சி கிடைக்காது. கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஊர்ப் படிப்பகத்தின் கணக்கு நோட்டை இந்த வாரமே கையில் எடுங்கள்.