குழந்தையின் கண்கள்: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பார்வையில் குறை ஏற்பட்டால் பெரியவர்கள் அதை உணர்ந்து மருத்துவரை நாடுவர். பிறவியிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் குழந்தைக்குத் தெளிவான பார்வை எப்படியிருக்கும் என்பதே தெரியாது. ஆகவே அது முறையிடுவதில்லை. ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் மற்றொரு கண்ணைக் கொண்டு ஓடியாடி விளையாடும். வீட்டில் எவருக்கும் ஐயம் எழாது. எனவே பெற்றோரும் வீட்டிலுள்ள பெரியவர்களுமே முதலில் கவனிக்க வேண்டியவர்கள்.

பார்வை வளரும் காலம்

கண்ணும் மூளையும் சேர்ந்து இயங்கினால்தான் பார்வை கிட்டும். விழித்திரையில் தெளிவான பிம்பம் விழ விழ, மூளையின் பார்வைப் பகுதி பழகி வளர்கிறது. இவ்வளர்ச்சி முதல் சில மாதங்களில் மிக விரைவாகவும், ஏழெட்டு வயது வரை மெதுவாகவும் நடைபெறுகிறது. இக்காலத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான பிம்பம் கிடைக்காவிடில், மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கத் தொடங்கும். இதுவே ‘சோம்பல் கண்’. காலம் கடந்தபின் கண்ணின் குறையைச் சரிசெய்தாலும், இழந்த பார்வை முழுமையாகத் திரும்புவது அரிது.

பொதுவாக 6 முதல் 8 வாரங்களில் குழந்தை தாயின் முகத்தை உற்று நோக்கும். 3 மாதமாகும்போது அசையும் பொருளைக் கண்களால் பின்தொடரும். 3 மாதம் நிறைந்த பின்னும் இவை காணப்படாவிட்டாலோ, கண்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தாலோ பரிசோதனை அவசியம்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

கண் பாப்பாவில் வெண்மை: கருவிழியின் நடுவிலுள்ள பாப்பா கறுப்பாகத் தெரிய வேண்டும். அது வெண்மையாகத் தெரிந்தாலோ, கைப்பேசியில் ஃபிளாஷ் ஒளியுடன் எடுத்த படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் ஒளிர்ந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். இது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். பார்வையை மறைக்கும் அடர்த்தியான புரை ஒரு கண்ணில் இருந்தால் சுமார் 6 வாரங்களுக்குள்ளும், இரு கண்களிலும் இருந்தால் சுமார் 8 வாரங்களுக்குள்ளும் அறுவை சிகிச்சை செய்வது நல்ல பலன் தரும். ‘குழந்தை வளரட்டும்’ என்று காத்திருப்பது பார்வைக்கே கேடாக முடியும். விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோயின் முதல் அறிகுறியும் பெரும்பாலும் இவ்வெண்மையே. இந்நோய் பெரும்பாலும் 5 வயதுக்கு முன் தோன்றும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உயிரைக் காக்கலாம். பல குழந்தைகளுக்குக் கண்ணையும் காக்கலாம்.

நீர் வடிதலும் வெளிச்சத்தில் கூச்சமும்: கண்ணீர்ப் பாதை அடைப்பினால் குழந்தைகளுக்குக் கண்ணில் நீர் வடிவது சாதாரணம். மருத்துவர் கற்றுத்தரும் முறையில் மூக்கோரத்தில் அழுத்தித் தடவிவந்தால், பெரும்பாலோருக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். ஆனால் நீர் வடிவதுடன், வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வது, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிவது ஆகியவை சேர்ந்திருந்தால் அது பிறவிக் கண் நீரழுத்த நோயாக இருக்கலாம். பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மி.மீ. விட்டமுடையது, முதல் ஆண்டில் 12 மி.மீ.க்கு மேலிருந்தால் ஐயுற வேண்டும். ‘பெரிய அழகான கண்’ என்று மகிழ்ந்து விட்டுவிடக் கூடாது.

மாறுகண்: முதல் 3 மாதங்களில் கண்கள் எப்போதாவது விலகுவது இயல்பே. அதன் பின்னும் விலகினாலோ, எந்த வயதிலும் ஒரே நிலையில் விலகியிருந்தாலோ பரிசோதிக்க வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை இன்றும் சில குடும்பங்களில் உண்டு. ஆனால் விலகிய கண் சோம்பல் கண்ணாக மாறக்கூடும். உட்புறக் கட்டியோ புரையோ அதற்குக் காரணமாகவும் இருக்கலாம். மூக்குத்தண்டு அகன்ற குழந்தைகளுக்கு மாறுகண் போன்ற தோற்றம் மட்டும் இருப்பதுண்டு. இவற்றை வேறுபடுத்தி அறிவது மருத்துவரின் பணி.

குறைமாதக் குழந்தைகள்

34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு, பிறந்து 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். மிகவும் முன்னதாகப் பிறந்தோருக்கு இரண்டு மூன்று வாரங்களிலேயே தேவைப்படும். இந்நோயில் கண் வெளியே பார்க்க முற்றிலும் நலமாகவே தோன்றும். எனவே தாயும் சேயும் வீடு திரும்பிவிட்டாலும் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள்.

பரிசோதனை எவ்வாறு நடைபெறும்?

முதலில் கருவியின் ஒளியைப் பாய்ச்சி, இரு கண்களிலும் செந்நிறப் பிரதிபலிப்பு சமமாக உள்ளதா என்று பார்ப்போம். பின்னர் சொட்டு மருந்தினால் பாப்பாவை விரித்து விழித்திரையை ஆராய்வோம். கண்ணாடியின் பவரையும் கணக்கிடுவோம். பேசத் தெரியாத குழந்தைக்கும் இவ்வாறு பவரை அறிய முடியும். மருந்தினால் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை கண் கூசலாம், அஞ்ச வேண்டாம். கண்ணினுள் அழுத்தத்தை அளக்கவோ, கட்டியை ஆராயவோ சில குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதிக்க நேரிடும்.

வரும்போது பிறப்பு விவரக் குறிப்பு, தடுப்பூசி அட்டை, ஐயத்திற்குரிய கைப்பேசிப் படங்கள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் சிறுவயதில் கண் நோய் இருந்ததா, பெற்றோர் உறவில் மணம் புரிந்தவர்களா, கருவுற்றிருந்தபோது தாய்க்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தனவா என்பதையும் தயங்காமல் கூறுங்கள். எவரையும் குறைகூறுவதற்காக இவற்றை நாங்கள் கேட்பதில்லை. காரணத்தை அறியவும், அடுத்த குழந்தையைக் காக்கவும் இவை உதவும்.

அதுவரை தாய்ப்பால், விளக்கெண்ணெய், மை எதையும் கண்ணில் இட வேண்டாம். கண்ணாடியோ, நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டோ பரிந்துரைக்கப்பட்டால், குழந்தை அழுதாலும் சொன்ன நேரம்வரை அணிவியுங்கள். அறுவை சிகிச்சை வழியைத் திறந்துவிடும். மூளைக்குப் பார்க்கப் பழக்குவது, வீட்டில் நாள்தோறும் நீங்கள் செய்யும் இப்பயிற்சியே.