பேரா ஆற்றில் அழைக்காமல் வந்த ராஜா

பேரா ஆற்றை நாம் பெரும்பாலும் காரில் இருந்துதான் பார்க்கிறோம். கோலகங்சார் அருகே பாலத்தைத் தாண்டும்போது "அதோ ஆறு" என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, எங்கே சாப்பிடலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவோம். அதே ஆறு வடக்கே லெங்கோங் பக்கம் வேறு முகம் காட்டுகிறது.

ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆற்றைத் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என நான்கு அணைகள் மறிக்கின்றன. 1930-இல் கட்டி முடிக்கப்பட்ட செண்டெரோதான் மூத்தது. கெனெரிங்குக்குக் கீழே ஆறாகவே ஓடும் தண்ணீர், பிறகு மெல்ல விரிந்து ராபான் ஏரியாகிறது. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நானும் சுங்கை சிப்புட் மாமாவும் போனது அந்தப் பகுதிக்குத்தான். தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே தூண்டில் போடுபவர் மாமா. ஆனால் அந்த வளைவுகள் அவருக்கும் புதிது.

தெரியாத ஆற்றில் மீனைத் தேடக்கூடாது, தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பார். பாறைக்குப் பின்னால் ஓட்டம் உடைந்து சுழலும் இடம், சிற்றோடை வந்து கலக்கும் இடம், கரையிலிருந்து சாய்ந்து கிடக்கும் மரம் என்று ஒவ்வொன்றாக விரலாலேயே காட்டினார். காலை நிகழ்ச்சியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே பதறிப்போகும் எனக்கு அது பெரிய சோதனை. "ஏம்மா ரேடியோ, உன் ஒலிபரப்பைக் கொஞ்சம் நிறுத்து. மீன் ஓடிடும்" என்றார் ஒருமுறை.

முதலில் கிடைத்தது செபராவ். சுழலின் ஓரத்தில் ஸ்பூன் விழுந்ததும் ஒரே வெட்டு. முதுகிலிருந்து வயிறு வரை இறங்கும் கறுப்புப் பட்டை, முக்கால் கிலோ இருக்கும். தூண்டில்காரர்கள் இதைக் காட்டுப் பெர்ச் என்பார்கள். உண்மையில் இது கெண்டைக் குடும்பத்து மீன். மாமா சொல்லிக் கொடுத்தபடி கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராகக் காட்டி, அது தானாக உதறிப் போகும்வரை காத்திருந்தேன். தூண்டில் பழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான்.

இன்னும் கீழே, ஓட்டம் அடங்கிய ஒரு மூலையில், மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவே அடுத்த மீன். இதன் இழுப்பே வேறு. தங்கூஸ் அறுந்துவிடும் என்றே நினைத்தேன். வெளியே வந்தது பச்சையும் மஞ்சளுமாக, வாலடியில் மயிலிறகுக் கண்போல ஒரு புள்ளியுடன் பீக்காக் பாஸ். மலாய்க்காரர்கள் 'இக்கான் ராஜா' என்பார்கள். நான் குனிந்து விடப் போனேன்.

"ஜாஙான் லெப்பாஸ்!" என்றார் படகோட்டி பாக்சிக். விடாதே.

ராஜாவின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பெயரில்தான் பாஸ், உறவு திலாப்பியாவோடு. அலங்கார மீனாகவும் தூண்டில்காரர்களின் ஆசைக்காகவும் இங்கே வந்தது. தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சுகளைக் காவல் காக்கும். அதனால் பெருகுவது எளிது. பனாமாவின் காத்துன் ஏரியில் 1960களில் இது புகுந்தபின், சில ஆண்டுகளிலேயே பல சிறு மீனினங்கள் அங்கே ஏறக்குறைய இல்லாமல் போயின. அவற்றைத் தின்று வாழ்ந்த பறவைகளும் குறைந்தன. 1973-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைப் பதிவு செய்தது.

பாக்சிக் முன்பு வலை போட்டவர். இப்போது அவருடைய பெட்ரோல் செலவைக் கட்டுவதே ராஜா பிடிக்க வருகிறவர்கள்தான். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனாலும் அவர் படகில் ஒரு விதி: எத்தனை ராஜா வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஒன்றைக்கூடத் திரும்ப விடக்கூடாது.

மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை. "யாரோ கொண்டாந்து விட்டதுக்கு அது என்னம்மா பண்ணும்? வந்தவன், வந்தவன்னு சொன்னா எனக்குக் கேக்கவே பிடிக்கல" என்றார். அந்தச் சொல் அவருக்கு ஏன் வலிக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதர்மேல் எறியப்படும் சொல்லை வைத்து மீனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பது என் கருத்து. மனிதன் வந்த இடத்தில் ரப்பர் மரம் சீவினான், பள்ளிக்கூடம் கட்டினான். ராஜா வந்த இடத்தில் குஞ்சு மீன்களைத் தின்கிறது. விடுவது புண்ணியம் என்று பழகிய கைக்கு இது கசக்கத்தான் செய்தது. மீன் ஐஸ் பெட்டிக்குள் போனது.

திரும்பும்போது கரையோரக் கல் ஒன்று தண்ணீருக்குள் மறைந்திருந்தது. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் ஏறும். இந்தப் பக்கம் போகிறவர்கள் உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கழற்றாதீர்கள், நீச்சல் தெரிந்தாலும்.

மாலையில் சுங்கை சிப்புட் வீட்டின் பின்புறக் குழாயடியில் மாமாவே மீனை வெட்டினார். வெள்ளைச் சதை, முள் குறைவு. வயிற்றுக்குள் இன்னும் செரிக்காத மூன்று சிறு மீன்கள். ஒன்றின் உடம்பில் கறுப்புப் பட்டை இருந்தது. மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டு, புளி கரைக்கச் சொன்னார்.